காலில் ஒரு கோடு ஊர்கிறது, டாக்டர்

கேள்வி:

டாக்டர், வணக்கம். நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு 43 வயது, ஆறு வருடமாக சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இந்த வருடம் எங்கள் குடியிருப்பு சொசைட்டி கணபதியை ஐந்தாம் நாள் ஜுஹு கடற்கரையில் கரைத்தார்கள். கூட்டத்தில் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் காத்திருந்தோம். இவர் வேண்டுதல் என்று செருப்பை டெம்போவிலேயே விட்டுவிட்டு, தென்னை மரத்தடியில் மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பத்து நாள் கழித்து இடது பாதத்தின் உள்பக்கம் கொசு கடித்தது போல ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. பிறகு அதிலிருந்து நூல் போல ஒரு கோடு. இப்போது அது வளைந்து வளைந்து பெருவிரலுக்குக் கீழே வரை வந்துவிட்டது. ராத்திரியில் அரிப்பு தாங்காமல் எழுந்து உட்கார்ந்து கொள்கிறார்.

மெடிக்கலில் காட்டினோம், படர்தாமரை என்று ஒரு ட்யூப் கொடுத்தார்கள். இரண்டு நாள் அரிப்பு அடங்கியது, அப்புறம் பழையபடிதான். ஒரு கிளினிக்கில் கோட்டின் நுனியில் உறையவைக்கிற திரவ நைட்ரஜன் வைத்துப் பொசுக்கினார்கள். கொப்புளம் வந்ததுதான் மிச்சம், மூன்றாம் நாள் கோடு கொப்புளத்துக்கு அந்தப் பக்கம் கிளம்பிவிட்டது. மாமியார் இது அக்கிதான், அக்கி எழுதினால்தான் போகும் என்கிறார், தாராவி கும்பர்வாடாவில் யாராவது எழுதுவார்களா என்று விசாரிக்கச் சொல்கிறார். இன்டர்நெட்டில் பார்த்தால் புழு என்று போட்டிருக்கிறது. புழு மூளைக்குப் போய்விடுமா? ஏழு வயது மகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

இன்னொன்று. பில்டிங் கீழே நான்கு பூனைகளுக்கு நான் சோறு வைக்கிறேன். பிளம்பிங் வேலைக்காகக் காம்பவுண்டில் மணல் கொட்டி வைத்திருக்கிறார்கள், பூனைகள் அதில்தான் அசிங்கம் செய்கின்றன. விஷயம் தெரிந்த செக்ரட்டரி, பூனைகளை அப்புறப்படுத்தப் போவதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டார். என்னால்தான் இவருக்கு இப்படி ஆனதா?

செம்பூர் வாசகி

பதில்:

நீங்கள் அனுப்பிய இரண்டு போட்டோக்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். இன்டர்நெட் எப்போதாவது ஒரு முறை சரியாகச் சொல்லும், இது அந்த முறை. புழுதான். நாய், பூனையின் குடலில் வாழும் கொக்கிப்புழுவின் குஞ்சு ஒன்று வழி தெரியாமல் உங்கள் கணவரின் மேல்தோலுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்கவே கூசுகிறது, சரி. ஆனால் தோல் டாக்டராக நான் பார்க்கிற நோய்களில் இவ்வளவு அலறவைத்துவிட்டு இவ்வளவு சுலபமாகத் தீருகிறது வேறு அதிகம் இல்லை. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது புழு இல்லை, சுகர் இருக்கிற காலில் அந்த நைட்ரஜன் கொப்புளமும், அந்த ட்யூபும். அதற்கு வருகிறேன்.

முதலில் மூளை. போகாது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி தேட ஆரம்பித்துவிடுவீர்கள். நாயோ பூனையோ மலம் கழிக்கும்போது இந்தப் புழுவின் முட்டைகளும் கூடவே வெளியே வருகின்றன. மணல் ஈரமாக, வெதுவெதுப்பாக, நிழலாக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரிந்துவிடும். வந்த குஞ்சு உடனே யாரையும் ஒன்றும் செய்யாது. அது வளர்ந்து தோலைத் துளைக்கிற பருவத்துக்கு வர ஐந்து முதல் பத்து நாள் ஆகும். அப்போதும் அதன் நீளம் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டினால் அதிகம், கண்ணுக்குத் தெரியாது. அந்த நிலையில் மணலில் மூன்று நான்கு வாரம்கூட உயிரோடு காத்திருக்கும். மேலே ஒரு நாயின் வெதுவெதுப்பான பாதம் பட்டால் தோல் வழியாக உள்ளே போய், ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் கடைசியில் குடலுக்குப் போய்ச் சேரும். அதன் ஊர் அதுதான். மனிதக் கால் பட்டாலும் அதே நம்பிக்கையில்தான் துளைக்கிறது. ஆனால் நம் மேல்தோலுக்கு அடியில் ஒரு சவ்வு இருக்கிறது, அதை அரித்துக்கொண்டு இறங்கும் நொதி இந்தப் புழுக்களிடம் போதுமானதாக இல்லை. ஆகவே கீழே இறங்க முடியாமல், மேலே வரவும் தெரியாமல், மேல்தோலின் அடுக்குகளுக்கு நடுவிலேயே அலைகிறது. ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் வரை. அது போன தடத்தில் நம் உடம்பு ஒவ்வாமையால் வீங்குகிறது, நீங்கள் பார்க்கிற சிவப்புக் கோடு அந்த வீக்கம்தான். புழு அந்தக் கோட்டில் இல்லை, கோட்டின் நுனியையும் தாண்டி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னால், இன்னும் சிவக்காத தோலுக்குள் இருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நைட்ரஜன் ஏன் தோற்றது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் கட்டேனியஸ் லார்வா மைக்ரன்ஸ். தோலில் குஞ்சுப்புழு ஊர்கிறது, அவ்வளவுதான் அர்த்தம். லண்டனில் ராபர்ட் லீ என்ற டாக்டர் 1874இலேயே இப்படி ஊர்கிற தடிப்பை எழுதி வைத்தார், ஆனால் ஊர்வது நாய் பூனையின் கொக்கிப்புழு என்று புரிய 1920கள் வரை ஆனது, அதுவும் அமெரிக்காவில் ஃபுளோரிடா கடற்கரையில். பெரும்பாலும் குற்றவாளி அன்கைலோஸ்டோமா பிரேசிலியென்ஸ் என்கிற இனம். பெயரைப் பார்த்து பிரேசிலிலிருந்து வந்தது என்று நினைக்காதீர்கள், வெயிலும் ஈரமும் மணலும் இருக்கிற ஊரெல்லாம் அதற்குச் சொந்த ஊர்தான். மழைக்காலத்து மும்பையை விட அதற்கு வேறென்ன வேண்டும்?

மனிதனுக்கென்றே இருக்கிற கொக்கிப்புழு வேறு. அதுவும் மண்ணிலிருந்து காலைத் துளைத்துத்தான் வருகிறது, ஆனால் அதற்கு வழி தெரியும், கடைசியில் குடலுக்குப் போய் ரத்தத்தை உறிஞ்சும். ஊரில் வெறுங்காலோடு வயலில் நடக்கிறவர்களுக்குச் சோகை வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அது தோல் வழியாக நுழைகிறது என்று கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி ஆய்வுக்காகப் புழுக்கள் நிறைந்த நீரைக் கையாண்டபோது ஒரு சொட்டு தன் கையில் சிந்திவிட்டது. கை எரிந்து அரித்தது, சில வாரம் கழித்து அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகள் இருந்தன. 1898இல் இதை வெளியிட்டார். உங்கள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டி ஒரு ஆல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்களே, அது இந்த மனிதப் புழுக்களுக்காகத்தான். அதைச் சாப்பிடட்டும், தடுக்காதீர்கள். ஆனால் மகளுக்கு அப்பாவின் காலிலிருந்து எதுவும் ஒட்டாது. ஒரே படுக்கையில் படுத்தாலும், அவர் துண்டால் துடைத்துக்கொண்டாலும், அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாலும் வராது. தோலுக்குள் மாட்டிக்கொண்ட புழு முட்டையிடுவதில்லை, வெளியே வருவதுமில்லை. அவளும் அன்று ஜுஹு மணலில் விளையாடியிருந்தால் கால், தொடை, உட்கார்ந்த இடம் மூன்றையும் ஒரு மாதம் வரை கவனியுங்கள். சிலருக்குத் தடிப்பு தாமதமாகத்தான் தெரியும். கோடு இல்லாவிட்டால் மருந்து வேண்டாம்.

முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும் என்பதால் ஒரு சின்ன விதிவிலக்கு. நாய் பூனைக் கொக்கிப்புழுக்களில் அன்கைலோஸ்டோமா சிலானிகம் என்று ஒன்று உண்டு, இலங்கையில் ஒரு புனுகுப் பூனையிடமிருந்து எடுத்து 1911இல் பெயர் வைத்தவரும் அதே லூஸ்தான். அது மனிதக் குடலிலும் வளரக்கூடியது. வயிற்றுவலி, பேதி என்று அது வேறு வழியில் தன்னைக் காட்டிக்கொள்ளும், அதற்கும் மலப் பரிசோதனையும் மாத்திரையும் இருக்கின்றன. பாதத்தில் வாரக்கணக்கில் இப்படி வளைந்து ஊர்கிற கோடு அந்த ரகம் இல்லை. மிகச் சிலருக்கு, உடம்பில் பல இடங்களில் கோடு இருக்கும்போது, வறட்டு இருமலும் இளைப்பும் வருவதுண்டு. அப்படி வந்தால் சொல்லுங்கள். வராது என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது மாமியார். அவரைச் சிரித்து ஒதுக்காதீர்கள். தோலில் வரிசையாகச் சிவந்து அரிப்பும் எரிச்சலுமாக இருப்பதைப் பார்த்து அக்கி என்று சொன்னதில் தப்பில்லை, ஊரில் அவர் பார்த்தது அதைத்தான். ஆனால் அக்கி ஒரு நரம்பின் பாதையில் வருவது, உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், கொத்துக் கொத்தாக நீர்க் கொப்புளம், அரிப்பை விட எரிச்சலும் வலியும் அதிகம், சின்ன வயதில் அம்மை போட்ட வைரஸ் உள்ளே தூங்கி மறுபடி விழிப்பது. முக்கியமாக, அது ஊராது. இன்றைக்கு இங்கே, நாளைக்கு ஒரு விரல் தள்ளி என்று நகர்வது புழு ஒன்றுதான். மாமியாரிடம் இதைக் காட்டவும் ஒரு வழி இருக்கிறது. இன்று ராத்திரி பால்பாயின்ட் பேனாவால் கோட்டின் இரண்டு முனையையும் சின்னதாகக் குறித்து வையுங்கள், தேதியும் போட்டு ஒரு போட்டோ எடுங்கள். நாளை ராத்திரி அதே விளக்கில் இன்னொரு போட்டோ. ஒரு முனை குறியைத் தாண்டியிருக்கும். என் கிளினிக்கிலும் நான் செய்கிற பரிசோதனை பெரும்பாலும் இவ்வளவுதான். இதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டாம், அலர்ஜி டெஸ்ட் வேண்டாம், தோலை வெட்டி பயாப்ஸி எடுப்பது சுத்த வீண், புழு வெட்டிய இடத்தில் இருக்காது.

கும்பர்வாடா விஷயத்துக்கு ஒரு வார்த்தை. அங்கே இருக்கிற குயவர்கள் பெரும்பாலும் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குஜராத்திக் குடும்பங்கள், நம் ஊர் வேளாரைப் போல அக்கி எழுதுகிற வழக்கத்தை அங்கே எதிர்பார்த்துப் போனால் உங்கள் மாமியார் ஒரு நல்ல பானையோடுதான் திரும்பி வருவார். யாராவது எழுதித் தருகிறேன் என்று முன்வந்தாலும் வேண்டாம். அக்கி எழுதப் பூசுகிற காவி குளுமையாக இருக்கும், ஆனால் கொப்புளம் உடைந்த காலில், அதுவும் சுகர்காரர் காலில், காவியோ மண்ணோ எதுவும் படக்கூடாது.

அந்த நைட்ரஜன். மேலே சொன்னேன், புழு கோட்டின் நுனிக்கு முன்னால் எங்கேயோ இருக்கிறது. நுனியைப் பொசுக்கினால் புழு காலி செய்துவிட்டுப் போன வீட்டைத்தான் பொசுக்குகிறோம். முன்பு இது வழக்கமான வைத்தியமாக இருந்தது, உங்களுக்குச் செய்தவரும் அப்படிப் படித்தவராக இருக்கலாம், அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. பயிற்சி டாக்டராக இருந்தபோது நானே இதைச் செய்திருக்கிறேன். கட்டட வேலைக்கு வந்த ஒரு கொத்தனார், விழுப்புரம் பக்கத்துக்காரர், சைட்டில் மணல் குவியலின் மேல் சட்டையில்லாமல் படுத்துத் தூங்கியவர், முதுகு பூராவும் ஏழெட்டுக் கோடு, மேப்பில் ஆறு போட்டது மாதிரி. நான் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு நுனியாக உறைய வைத்தேன், பெரிய வேலை செய்த பெருமை வேறு. நாலு நாள் கழித்து வந்தார், ஏழெட்டுக் கொப்புளம், ஏழெட்டுக் கோடும் அப்படியே, ஒன்றிரண்டு இன்னும் நீளமாக. தமிழில் பேசுகிற டாக்டர் கிடைத்தார் என்று சந்தோஷப்பட்டு என்னிடம் வந்த மனிதர் அவர். அவரும் மாத்திரையில்தான் குணமானார்.

ட்யூப். நீங்கள் பெயர் எழுதவில்லை, ஆனால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கி மறுபடி வந்தது என்றால் அது என்னவென்று என்னால் சொல்ல முடியும். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று, மூன்றையும் கலந்து விற்கிற கிரீம். இந்த ஊரில் எந்த மெடிக்கலில் எந்தத் தோல் நோயைக் காட்டினாலும் இது ஒன்று கைக்கு வரும். புழுவை இதில் எதுவும் தொடாது. ஸ்டீராய்டு வீக்கத்தை மட்டும் அடக்கும், அதனால் கோடு மங்கி, குணமாவது போலத் தெரியும், புழு பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும், நிஜமாகவே படர்தாமரை இருந்தால் அது அடையாளம் தெரியாமல் பரவும், சொறிந்த இடத்தில் சீழ் பிடித்தால் அதுவும் ஆரம்பத்தில் வெளியே தெரியாது. இன்றோடு நிறுத்தி விடுங்கள்.

மருந்துக்கு வருவோம். இரண்டு வழி. ஒன்று ஐவர்மெக்டின், உடல் எடைக்கு ஏற்ற அளவில், கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், ஒரே ஒரு வேளை. அறுபது கிலோ ஆளுக்கு 12 மில்லிகிராம், அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்கு இந்த ஒரு வேளையே போதும். இன்னொன்று ஆல்பெண்டசோல் 400 மில்லிகிராம், தினம் ஒன்றாக மூன்று நாள், சிலருக்கு ஒரு வாரம் வரை நீட்டுவோம். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற மாதிரி ஒரே ஒரு ஆல்பெண்டசோலைப் போட்டுவிட்டு விட்டுவிட்டால் சில பேருக்குத் திரும்பி வந்துவிடும். உங்கள் கணவருக்கு நான் முதலில் நினைப்பது ஐவர்மெக்டின். ஆனால் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள், சுகருக்குப் பார்க்கிற டாக்டரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள், அவர் எழுதித் தரட்டும். கொரோனா சமயத்தில் தெருவுக்குத் தெரு இந்த மாத்திரையை வாங்கிப் போட்டார்கள், அதனாலேயே இதை மிட்டாய் என்று நினைக்கிற பழக்கம் வந்துவிட்டது. கர்ப்பிணிகளுக்கும், பதினைந்து கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கும் சாதாரணமாகக் கொடுப்பதில்லை. பால் கொடுக்கிற தாய்மார்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. சுகர் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

மாத்திரை போட்ட இரண்டு நாளில் அரிப்பு நன்றாகக் குறைய வேண்டும், கோடு நகர்வது நின்றுவிட வேண்டும். சிவப்புத் தடம் மறைய ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று பயப்பட வேண்டாம், செத்த புழுவை உடம்பே கரைத்துக்கொள்ளும், எடுத்துப்போட வேண்டியதில்லை. பேனாக் குறி இங்கேயும் உதவும். ஒரு வாரம் கழித்தும் குறியைத் தாண்டிப் போனால் மறுபடி ஒரு வேளை கொடுக்கலாம்.

மருந்தே வேண்டாம் என்றால்? நேர்மையாகச் சொன்னால், அப்படியும் போய்விடும். ஊர் திரும்ப வழியில்லாமல் புழு சில வாரத்தில், சில சமயம் சில மாதத்தில், தானாகவே செத்துப் போகும். நல்ல ஆரோக்கியமான இளவயதுக்காரர், கோடு ஒன்றுதான், அரிப்பைப் பொறுத்துக்கொள்கிறேன் என்றால் நான் வற்புறுத்த மாட்டேன். உங்கள் கணவர் விஷயத்தில் வற்புறுத்துகிறேன், ஏனென்றால் ராத்திரி தூக்கத்தில் அவர் சொறிகிற ஒவ்வொரு கீறலும் சுகர் காலில் ஒரு புண்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆறு வருட சுகர் என்றால் பாதத்தில் உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று ஒருமுறையாவது பரிசோதித்திருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், நிறையப் பேருக்குச் செய்திருக்கவே மாட்டார்கள். அரிக்கிறது, எனவே உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அரிப்புக்காகச் சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம், மரத்த காலில் சூடு தெரியாமல் வெந்துபோன பாதங்களை வருடத்துக்கு இரண்டு மூன்று பார்க்கிறேன். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, பூண்டு அரைத்துக் கட்டுவது எல்லாம் அதே வரிசையில்தான் வரும். கொப்புளம் இன்னும் உடையாமல் இருந்தால் ஊசியால் குத்தாதீர்கள். உடைந்திருந்தால் சாதாரணத் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, ஒற்றித் துடைத்து, சுத்தமான காஸ் துணி வைத்துக் கட்டுங்கள், தினம் மாற்றுங்கள். விரலிடுக்கை ஈரமாக விடாதீர்கள், இந்த மழையில் நனைந்த ஷூவோடு லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகிறவர் என்றால் இதுவே ஒரு வேலைதான். அரிப்புக்கு ராத்திரி ஒரு ஆன்ட்டி-ஹிஸ்டமின் மாத்திரை அந்த டாக்டரே தருவார், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். சுற்றிலும் சிவந்து சூடாகப் பரவினால், சீழ் கட்டினால், காய்ச்சல் வந்தால், தொடை இடுக்கில் நெறி கட்டினால் அன்றைக்கே காட்டுங்கள், மறுநாள் என்று தள்ள வேண்டாம். மூன்று மாதச் சராசரி சுகர் கடைசியாக எப்போது பார்த்தார் என்றும் கேளுங்கள். புழு அடுத்த மாதம் இருக்காது, சுகர் இருக்கும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு விஷயம். கோடு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இல்லை, மணிக்குச் சில சென்டிமீட்டர் என்று கண்ணெதிரே ஓடுகிறது, அதுவும் ஆசனவாயைச் சுற்றி, பிட்டத்தில், தொடையில் என்றால் அது வேறு புழு, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று பெயர். அது குடலுக்குள்ளேயே வருடக்கணக்கில் பெருகக்கூடியது, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது நிஜமாகவே உயிருக்கு ஆபத்து. அதை இந்தப் பதிலை வைத்து நீங்களே தீர்மானித்துக்கொள்ளாமல் டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாகப் பூனைகள். என்னால்தானா என்று கேட்டிருக்கிறீர்கள், அந்த வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். எந்த மணலில் எந்தப் பூனையின் புழு என்று கண்டுபிடிக்க வழி கிடையாது. ஆனால் கணக்குப் போடலாம். அவர் வெறுங்காலோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தது ஜுஹுவில், மரத்தடி நிழலில், அலை எட்டாத மேட்டு மணலில். தெருநாய்கள் படுத்து எழுந்து எல்லாம் செய்கிற இடம் அதுதான், இந்தப் புழுவுக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. பத்து நாளில் புள்ளி தெரிந்தது, அதுவும் பொருந்துகிறது. காம்பவுண்டு மணலில் அவர் வெறுங்காலோடு இறங்கியதாக நீங்கள் எழுதவில்லை. ஆகவே உங்கள் நான்கு பூனைகளுக்கு எதிராக என்னிடம் சாட்சி எதுவும் இல்லை. பூனையைத் தொட்டுத் தடவுவதாலோ, மடியில் வைத்துக்கொள்வதாலோ இந்தத் தோல் நோய் வராது, சோறு வைக்கிறதால் நிச்சயம் வராது. அன்றைக்குப் போட்ட மலத்தில்கூட இந்தப் புழு துளைக்கிற பருவத்தில் இருக்காது, ஒரு வாரம் மணலில் கிடந்தால்தான் ஆபத்து.

அதற்காக அந்த மணல் குவியலைச் சும்மா விடலாம் என்று சொல்ல வரவில்லை. செக்ரட்டரியின் கவலை நியாயமானது, அவர் கண்டுபிடித்த தீர்வுதான் தப்பு. பூனை புதைத்து மூடிவிடும், மேலே பார்த்தால் மணல் சுத்தமாக இருக்கும், குழந்தைகள் அதில்தான் வீடு கட்டி விளையாடும். நாலு பூனையைப் பிடித்துக் கொண்டுபோனால் மணலும் சாப்பாட்டு மிச்சமும் இருக்கிற இடத்துக்கு வேறு நாலு வரும், அவற்றுக்கு யாரும் மருந்து கொடுத்திருக்க மாட்டார்கள். எனவே செக்ரட்டரியிடம் சண்டைக்குப் போகாமல், நீங்களே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்: நான்கு பூனைகளுக்கும் குடற்புழு மருந்து என் செலவில், கால்நடை டாக்டர் சொல்கிறபடி, சாதாரணமாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை. குட்டி போட்டால் குட்டிகளுக்கு மூன்றாவது வாரத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும், அதற்கும் நான் பொறுப்பு. முடிந்தால் கருத்தடையும். பதிலுக்கு சொசைட்டி அந்த மணலைச் சீக்கிரம் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும், அல்லது அள்ளிக்கொண்டு போக வேண்டும். வெறுமனே தார்ப்பாய் போட்டு மூடினால் புதிதாக அசிங்கம் செய்வது நிற்கும், ஏற்கனவே உள்ளே இருக்கிற புழுவுக்கு நிழலும் ஈரமும் கொடுத்து இன்னும் சில வாரம் வாழவைக்கும், அதனால் மூடிவிட்டோம் என்று மறுநாளே பிள்ளைகளை விடக்கூடாது. பெருக்க வருகிற ஆளும் பிளம்பரும் அதில் வெறுங்காலோடு, வெறுங்கையோடு இறங்க வேண்டாம் என்று யாராவது சொல்லுங்கள். அவர்களுக்குத்தான் இது முதலில் வரும், அவர்கள் எனக்குக் கடிதம் எழுத மாட்டார்கள். பூனைகளுக்கென்று மூலையில் ஒரு பழைய டப்பில் கொஞ்சம் மணல் வைத்துவிட்டு, தினமும் காலையில் மலத்தை அள்ளிப் போட்டால் போதும். முட்டை பொரிந்து புழு வளர ஒரு வாரம் ஆகும்போது நீங்கள் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அள்ளிவிடுகிறீர்கள், கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. அள்ளியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கர்ப்பிணிகள் யாரும் அந்த வேலையைச் செய்ய வேண்டாம், அது வேறொரு கிருமிக்காக.

நோட்டீஸ் சட்டப்படி செல்லுமா என்று நான் சொல்லக் கூடாது, அது என் வேலையும் இல்லை. இந்தப் பதிலை மராத்தியிலோ இந்தியிலோ யாராவது மாற்றித் தந்தால் நோட்டீஸுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அடுத்த வருட விசர்ஜனுக்கும் அவர் வெறுங்காலோடுதான் போவார் என்று எனக்குத் தெரியும், வேண்டுதல் என்றால் டாக்டர் சொல்லிக் கேட்கிறவர்கள் குறைவு. ஒரு பேரம் பேசிப் பாருங்கள். மேட்டு மணல் முழுக்க, மரத்தடி உட்பட, செருப்போடு நடக்கட்டும். உட்காருவதென்றால் பாய் கொண்டுபோங்கள், டவல் போதாது, மெல்லிய ஈரத் துணி வழியாகப் புழு வரும். அலை வந்து நனைத்துவிட்டுப் போகிற கடினமான மணல் வந்ததும் செருப்பைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிட்டு இறங்கட்டும், அலை அடித்துக் கழுவுகிற இடத்தில் இந்தப் புழு அதிகம் தங்குவதில்லை. கண்ணாடிச் சில்லும் உடைந்த தெர்மாகோலும் கிடக்கும், எனவே சுகர் காலுக்கு அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை, வீட்டுக்கு வந்ததும் இரண்டு பாதத்தையும் கழுவி வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். இந்த வாரப் பேனாக் குறி போட்டோ இரண்டையும் எனக்கு அனுப்புங்கள்.